அக்காவுக்கு நாலு வயது

15 ஜனவரி 2019, செவ்வாய்

வடக்கிலிருந்து தூசிக்காற்று தொடங்கிவிட்டது. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். துடைத்துவிட்டதாக ரிசி சாதிக்கிறாள். நடுவில் துடைத்திருக்கிறாள், அது உண்மை. மூலைகள்? இருபது வருஷமாக இந்த வீட்டில் சமைக்கிறாள். மேசைக்கு மூலை உண்டு என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கொலாப்போ மறுபடியும் தொலைபேசியில் கூப்பிட்டான். இதோகு சந்தைக்குப் பின்னால், தன் தாத்தாவின் ஸ்டூடியோ இருந்த வீட்டில், பழைய கேமராக்களை வைத்து ஒரு அருங்காட்சியகம் தொடங்கியிருக்கிறான். என் கணவர் பெஞ்சமினின் மடிப்புக் கேமரா வேண்டுமாம்.

“கண்ணாடிப் பெட்டியில ராஜா மாதிரி வெச்சுப் பாத்துக்கறேம்மா.”

“அந்தக் கண்ணாடிய யார் துடைக்கறாங்கன்னு முதல்ல பாக்கறேன்” என்றேன். வியாழக்கிழமை போகிறேன்.

கேமராவை எடுத்துப் பார்த்தேன். அவர் போய் ஆறு வருஷம். தோலுறையில் அவர் தலைக்குத் தடவிய தைலத்தின் வாசனை இன்னும் இருக்கிறது. எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் அவர் எடுத்த எந்தப் படத்திலும் எனக்குப் பாதம் கிடையாது. “முகம் வந்திருக்கே, போதாதா?” என்பார். மகனின் ஞானஸ்நானம், அவன் பட்டம் வாங்கியது, அவன் கல்யாணம் — எல்லாவற்றிலும் முழங்காலோடு மிதக்கிறேன்.

17 ஜனவரி, வியாழன்

போய் வந்தேன். உட்கார்ந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்று அறைகள். பச்சைக் கதவு, சமீபத்தில் பெயின்ட் அடித்தது, கீல்களிலும் சேர்த்து அடித்திருக்கிறான். கொலாப்போவுக்கு ஐம்பது இருக்கும். என்னைப் பார்த்ததும் தரையில் விழுந்து வணங்கத்தான் போனான்; வயிறு பாதியில் தடுத்துவிட்டது. இரண்டு விரலால் தரையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“மன்னிச்சுக்கோங்கம்மா, தொப்பை வணங்க மாட்டேங்குது.”

இந்தக் காலத்தில் இதுவாவது செய்கிறார்களே.

உள்ளே நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. பெட்டிக் கேமராக்கள், ஆர்மோனியத் துருத்தி போல நீள்வன, முக்காலி மேல் நிற்கும் மரக் கேமரா ஒன்று — பூட்டிய பீரோ அளவுக்கு இருக்கிறது. சுவரில் அந்தப் பழைய திரை: எங்கும் போகாத மாடிப்படி, அதன் பக்கத்தில் ஊரில் யாரும் பார்த்திராத ஒரு நீரூற்று. ஸ்டூடியோவில் இரவல் கொடுத்த கைக்கடிகாரமும் இருக்கிறது. எங்கள் அபியோகூட்டா ஊரில் பாதிப் பேர் அந்த ஒரே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்திருக்கிறார்கள். ஓடாத கடிகாரம். எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய மனிதர்களாகி இருக்கிறார்கள்.

விளக்க அட்டைகளில் எழுத்துப்பிழைகள். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்திக்கொண்டே போனேன். கொலாப்போ பின்னாலேயே வந்தான்.

“டீச்சரம்மா, மார்க் போடுவீங்களா?”

“முடிவில்.”

மூன்றாவது அறையில், ஜன்னலுக்கு எதிரே, அது இருந்தது.

இரண்டு சிறுமிகள். ஒரே பெஞ்சு, ஒரே மாதிரிக் கவுன், கழுத்தில் ஒரே மாதிரிப் பாசிமணி. பின்னால் எங்கும் போகாத மாடிப்படி. கீழே அட்டை: “இரட்டைச் சகோதரிகள், 1945.”

கவுன் எனக்குத் தெரியும். காலர் ஓரத்தில் அம்மா கையால் பின்னிய வலைப்பின்னல்.

“இது இரட்டையர் இல்ல” என்றேன்.

“என்னம்மா சொல்றீங்க? அச்சு அசலா ரெண்டு பேரும்...”

“ரெண்டு பேரும் நான்.”

அவன் வாயை மூடிக்கொண்டான். பெரிய வாய், நேரம் ஆயிற்று.

சொன்னேன். நான் தாய்வோ. என்னுடன் பிறந்தவள் கெஹிண்டே, தட்டம்மையில் போய்விட்டாள். இரட்டையரில் ஒருவர் போனால், இருப்பவரை உன் தாத்தாவிடம் கூட்டிக்கொண்டு வருவார்கள். இடப்பக்கம் உட்காரவைத்து ஒரு முறை, வலப்பக்கம் உட்காரவைத்து ஒரு முறை. படத்தில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். போனவள் வீட்டை விட்டுப் போகாமல் இருக்க ஒரு படம். இது உனக்குத் தெரியாதா?

“கேள்விப்பட்டிருக்கேம்மா. ஆனா எப்படி எடுத்தார்னு... இருங்க!” ஓடிப்போய் ஒரு கறுப்பு அட்டையைக் கொண்டுவந்தான். பாதி அளவுக்கு வெட்டியது. “மரக் கேமராப் பெட்டியில இது கிடந்துச்சு. எதுக்குன்னே புரியல. பாதிய மறைக்கறதுக்கா?”

“நடுவுல ஒரு கோடு ஓடுது பார். கண் தெரியலையா? அங்கதான் ரெண்டு பாதியும் சேருது.”

கோடு இருந்தது. மெல்லிய கோடு, மேலிருந்து கீழே, இரண்டு சிறுமிகளுக்கும் இடையில். கொலாப்போ அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். கண்ணில் நீர். எதற்கெடுத்தாலும் அழுகிற ஆண்பிள்ளை.

அட்டையை மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். பிழை பிழைதான்.

18 ஜனவரி, வெள்ளி

நேற்று எழுதாமல் விட்டது.

எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. மற்றவை மங்கல், இது மட்டும் தெளிவு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தவர் வெளியே வந்து என்னைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். “இப்போ நீ கெஹிண்டே. அசையாதே” என்றார். பெஞ்சின் அந்தப் பக்கம் சில்லென்றிருந்தது. யாரும் உட்கார்ந்திராத பக்கம்.

முதலில் வெளியே வந்தவள் நான். உலகம் இருக்கத் தக்கதுதானா என்று பார்த்துவர என்னை அனுப்பியவள் அவள். பின்னால் வந்தாலும் எங்கள் வழக்கப்படி மூத்தவள் அவளே. ஆகவே அக்கா. எனக்கு எழுபத்தெட்டு. அக்காவுக்கு நாலு வயது.

அவள் எப்படி இருப்பாள் என்று சிறுவயதில் கேட்டுக்கொண்டே இருப்பேன். “கண்ணாடியப் பாரு” என்பார்கள். பார்ப்பேன். ரொம்ப நாள் அது போதுமாக இருந்தது. இப்போது கண்ணாடியில் தெரிகிறவள் என் அம்மா.

அந்தப் படம் அம்மாவின் அறையில் இருந்தது. சில நாட்களில் செம்பனை எண்ணெய் விட்டுப் பயறு வேகவைத்து இரண்டு தட்டில் வைப்பாள். ஒன்று எனக்கு, ஒன்று படத்துக்கு. கான்வென்ட் விடுமுறைக்கு வந்தபோது நான் என் தட்டைத் தள்ளிவிட்டேன். மதர் கொலம்பா இதையெல்லாம் பாவம் என்று சொல்லியிருந்தார். அம்மா இரண்டு தட்டையும் தானே சாப்பிட்டாள். அடுத்த முறையும் இரண்டு தட்டுதான் வைத்தாள்.

சாகும்போது படத்தைத் தன்னுடன் வைத்துவிடச் சொன்னாள். வைத்தோம். அதற்குப் பிறகு நேற்றுத்தான் பார்க்கிறேன். ஸ்டூடியோக் கிழவர் ஒரு பிரதி வைத்திருந்திருக்கிறார்.

அம்மா இன்னொன்று சொல்வாள். “முதல்ல எடுத்த படம் உடைஞ்சுபோச்சு. அது நல்ல சகுனமில்லன்னு அன்னிக்கே நினைச்சேன்.” நான் திருத்துவேன்: “படம் கிழியும்மா. உடையாது.” பன்னிரண்டு வயதில் நான் எவ்வளவு தாங்க முடியாதவளாக இருந்திருக்க வேண்டும். பெஞ்சமின் இருந்தால், “இருந்திருக்க வேண்டுமா?” என்பார்.

20 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் கொலாப்போ. புது அட்டையைக் காட்டக் கொண்டுவந்திருக்கிறான்: “ஒரே குழந்தை, இரு முறை. பிலோமினா தாய்வோ, 1945.” பிழையில்லை. மார்க் போட்டேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி முறையான திறப்பு விழாவாம். நான் தலைமை தாங்க வேண்டுமாம். நான் முன்பு பாடம் நடத்திய பள்ளியிலிருந்து மாணவிகள் வருகிறார்கள். அழைப்பிதழில் அந்தப் படம், தலைப்பு, “ஒரு குழந்தை, இரண்டு இருக்கை.” தங்க எழுத்து. எனக்குத் தங்க எழுத்து பிடிக்காது. ஆனாலும் மறுக்கவில்லை.

போகும்போது தயங்கித் தயங்கி நின்றான்.

“அம்மா, ஒரு ஆசை. அந்தக் கறுப்பு அட்டை கிடைச்சிருச்சில்ல? நீங்க வந்து... மறுபடியும் உக்காருவீங்களா? ரெண்டு பக்கமும்?”

“எனக்கு வேற வேலை இல்லன்னு நினைச்சியா?”

“இருக்கா?”

வியாழக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

22 ஜனவரி, செவ்வாய்

மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் நாள் முழுக்க இருமுகிறது. நீலக் கவுனா, பழுப்பா? படத்தில் எல்லாம் சாம்பல்தான் என்கிறாள் ரிசி. விஷயம் அதில்லை.

24 ஜனவரி, வியாழன்

நீலம்தான் உடுத்தினேன். தலைத்துணியை ரிசி மூன்று முறை கட்டினாள். மூன்றாவது பரவாயில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அதே பெஞ்சு. கொலாப்போ மரக் கேமராவுக்குப் பின்னால் துணிக்குள் புகுந்துகொண்டு அங்கிருந்து கத்தினான்: “இடப்பக்கம்மா! இன்னும் கொஞ்சம்! போதும்! நடுவுல சாக்பீஸ் கோடு போட்டிருக்கேன், அதத் தாண்டி கை போகக் கூடாது. தாண்டுனா மறைஞ்ச பாதியில விழும். வெட்டுப்பட்டுரும்.”

“நான் செவிடில்ல.”

“மூச்சு விடாதீங்க!”

மூச்சு விடாமல் இருந்தேன். அட்டையை மறுபக்கம் மாற்றினான். நான் எழுந்து பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். முழங்கால் வலி, நாலு வயதில் தூக்கிவைக்க ஆள் இருந்தது.

உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் சில்லென்றிருந்தது. இந்தக் காற்றுக்காலத்தில், பகலில், வெறும் மரம் எப்படிச் சில்லென்றிருக்கும்? தெரியவில்லை. இருந்தது.

இருட்டறையிலிருந்து தட்டைக் கொண்டுவந்தான். தண்ணீருக்குள் காகிதம். இரண்டு கிழவிகள் பக்கத்துப் பக்கத்தில், இரண்டு பேரும் கொலாப்போவை முறைத்துக்கொண்டு. ரிசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அல்லா காப்பாத்தணும். ஒருத்தரையே சமாளிக்க முடியல.”

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, படத்தில் ஒன்றைப் பார்த்தேன். இடப்பக்கம் இருந்தவள் — நான்தான் — கையை நீட்டியிருக்கிறேன். பெஞ்சின் மேல், பக்கத்தில் இருப்பவளை நோக்கி. நீட்டியது எனக்கே தெரியாது. சாக்பீஸ் கோட்டில் மணிக்கட்டோடு கை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வெறும் பெஞ்சு.

“சொன்னேன்ல?” என்றான் கொலாப்போ. “தாண்டுனா வெட்டுப்பட்டுரும்னு.”

நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். பெஞ்சமினின் கேமராவையும் கொடுத்துவிட்டேன். உலர்ந்ததும் படத்தில் ஒரு பிரதி தருகிறானாம். அதிலும் எனக்குப் பாதம் இல்லை.

25 ஜனவரி, வெள்ளி

விடிகாலை செபமாலை பாதியில் நின்றுவிட்டது.

கை.

அந்தப் படத்தில் இருக்கிற சின்னக் கைகள். இடப்பக்கச் சிறுமியின் கையும் வலப்பக்கச் சிறுமியின் கையும் — பெஞ்சின் மேல் — கோர்த்திருந்தனவா? நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. நான் பார்த்தது கவுனை, காலரை, கோட்டை. கையைப் பார்த்தேனா? பார்த்தேன். பார்க்கவில்லை. எழுத்துப்பிழை தேடத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போகுமா?

கோர்த்திருந்தால் அது இரண்டு பாதியாக எடுத்த படம் இல்லை. நேற்று என் கையே அதற்குச் சாட்சி. தாண்டினால் வெட்டுப்படும். ஒருத்தி தன் கையையே அந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்ள முடியாது.

அப்போ பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு?

வேற யாரு இருக்கா. வேற யாரு இருந்தா எனக்கு.

முதல்ல எடுத்த படம் உடைஞ்சுபோச்சுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தா. படம் காகிதத்துல மட்டுமா இருக்கு? கண்ணாடித் தகட்டுல எடுத்தாங்க. கண்ணாடி உடையும். அந்தக் கோடு...

கொலாப்போவைக் கூப்பிட்டேன். லாகோஸ் போயிருக்கிறான், நாளைக்குத்தான் வருவானாம். சாவியும் அவனிடம். சமையலறையில் நின்று ரிசியிடம் என்னென்னவோ சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவை, கேட்காமல்.

26 ஜனவரி, சனி

கோர்த்திருக்கின்றன.

கொலாப்போ உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்தான். விரலுக்குள் விரல். அவள் பெருவிரல் என் பெருவிரலுக்கு மேலே. கோடு அந்தக் கைகளின் குறுக்கே ஓடுகிறது. கைகள் அதைப் பொருட்படுத்தாமல் கோர்த்தபடியே இருக்கின்றன. கூர்மையான கோடு. வியாழக்கிழமை எங்கள் படத்தில் சேர்ந்த இடம் புகை போல மங்கலாக இருந்தது. இது அப்படியில்லை.

“தம்பி, உங்க தாத்தாவோட கண்ணாடித் தகடெல்லாம் எங்க?”

“பின் ரூம்ல பெட்டி பெட்டியா கிடக்கும்மா. இன்னும் பிரிக்கவேயில்ல.”

“பிரி.”

பெட்டிகளின் மேல் வருஷம் எழுதியிருந்தது, நல்லவேளை. தூசியில் நானும் கொலாப்போவும் கூட வந்த ரிசியும் தும்மித் தும்மித் தேடினோம். பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, ஒன்றாக வைத்திருந்தார் கிழவர். இரண்டு துண்டு.

கொலாப்போ வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். முகம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் தெரிந்தது. விரிசல் எங்கள் கைகளின் மேலேயே போயிருக்கிறது. ஒரு துண்டை என் கையில் கொடுத்தான். அதில் ஒரு சிறுமி, அவள் கையில் இன்னொருத்தியின் இரண்டு விரல்கள். மீதிச் சிறுமி அவனிடம் இருந்த துண்டில்.

அம்மா இதை வாங்கிக்கொண்டு போகவில்லை; அவளோடு புதைத்தது வேறு படம். பிள்ளைகளுக்கு நடுவில் விரிசல் விழுந்த படத்தை எந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோவாள்? மறுபடி எடுக்கலாம், வா என்று கிழவர் சொல்லியிருப்பார். வந்தாள். வரும்போது என்னை மட்டும்தான் கூட்டிவர முடிந்தது.

உட்கார ஒரு முக்காலி கொடுத்தார்கள். ரிசி தண்ணீர் கொடுத்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அடுத்த பயம் வந்தது. இதில் நான் யார்? நாலு வயது, ஒரே கவுன், ஒரே பாசிமணி. எது நான், எது அவள்? இவ்வளவு தூரம் வந்து அக்காவை அடையாளம் தெரியாமல் போனால்?

உருப்பெருக்கியை ரிசியிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கவேயில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“இதுல என்னம்மா சந்தேகம்? இடப்பக்கம் முறைச்சுக்கிட்டு இருக்கறது நீங்க. ‘மூலையத் துடைச்சியா?’ங்கற மூஞ்சி. பக்கத்துல இருக்கறவங்கதான் உங்க அக்கா. பாருங்க, சிரிப்ப அடக்கிக்கிட்டு இருக்காங்க.”

அடக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். உதடு ஒரு பக்கம் சுருண்டிருக்கிறது. கண் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறது. என் முறைப்பைப் பார்த்துத்தான் சிரிப்பு வந்திருக்கிறது அவளுக்கு.

அக்கா சிரிக்கிறவள். எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார்கள்.

27 ஜனவரி, ஞாயிறு

பூசையின் முடிவில் சாமியார் அறிவிப்பு வாசித்தார். பிலோமினா அம்மையார் ஒரே பார்வையில் அருங்காட்சியகத்தின் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினாராம். எழுபத்தெட்டு வயதிலும் என்ன கூர்மை என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் பழைய மாணவிகள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “நீங்க தப்பு பண்ணி நாங்க பாத்ததே இல்ல, மேடம்.”

அழைப்பிதழ்களில் பாதி போய்விட்டனவாம். நேற்று விடைபெறும்போது கொலாப்போ குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“அம்மா, நீங்க சங்கடப்பட வேணாம். அட்டை இருக்கறபடியே இருக்கட்டும். நம்ம மூணு பேரத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?”

நல்ல மனதோடுதான் சொன்னான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் நான் யார்? தப்பாதவள். அதைத் தவிர என்னிடம் வேறென்ன மிச்சம்? பள்ளி இல்லை, பெஞ்சமின் இல்லை, மகன் கனடாவில்.

நான் வாயைத் திறக்காவிட்டால் தப்பாதவளாகவே இருப்பேன். படத்தில் இரண்டு பக்கமும் நானே இருப்பேன். அவள் இருக்க மாட்டாள். அட்டை அப்படித்தான் சொல்கிறது — ஒரே குழந்தை. என் வாயால் சொல்லி, என் பென்சிலால் சரிபார்த்த அட்டை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்தப் பெஞ்சின் வலப்பக்கம் ஒன்றுதான். அதிலும் போய் நான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

29 ஜனவரி, செவ்வாய்

மீதி அழைப்பிதழ்களை இங்கே அனுப்பச் சொன்னேன். ரிசியிடம் சிவப்பு மை வாங்கிவரச் சொன்னேன். “ஒரு குழந்தை”யில் “ஒரு”வை அடித்து மேலே “இரண்டு”, “குழந்தை”க்குப் பின்னால் “கள்”. தங்க எழுத்தின் மேல் சிவப்பு மை நிற்கவே மாட்டேனென்கிறது.

31 ஜனவரி, வியாழன்

கை வலி. முடித்துவிட்டேன்.

2 பிப்ரவரி, சனி

வெயிலில் பந்தல் போட்டிருந்தார்கள். மாணவிகள் வெள்ளை மேல்சட்டையில் வரிசையாக இருந்தார்கள், காலணிகள் சுத்தம். பேச ஒன்றும் எழுதிக்கொண்டு போகவில்லை. போயிருக்க வேண்டும்.

“போன மாதம் இங்கே வந்து ஓர் அட்டையைத் திருத்தினேன்” என்று தொடங்கினேன். “அட்டை சரியாக இருந்தது. நான்தான் தவறு.”

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், பல் விழுந்தவள், கையைத் தூக்கினாள்.

“மேடம், அப்போ நீங்க தப்பா சொன்னீங்களா?”

அவள் ஆசிரியை அவள் தோளை அழுத்தினாள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

“ஆமா. தப்பாச் சொன்னேன். கைய மட்டும் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் கோட்டப் பாத்துட்டேன்.”

பிறகு அவர்களை வரிசையாக உள்ளே அழைத்துப் போனேன். அட்டையை நேற்றே நான் என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன்: “இரட்டைச் சகோதரிகள், 1945. இடம்: தாய்வோ. வலம்: அவளுடைய அக்கா கெஹிண்டே.” பக்கத்தில் கண்ணாடித் தகட்டின் இரண்டு துண்டுகளும், சேர்த்து வைத்து, கீழே விளக்கோடு. கொலாப்போ கண்ணாடிப் பெட்டியைத் துடைத்திருந்தான். மூலைகளையும்.

அந்தப் பல் விழுந்தவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“உங்க அக்கா உங்களப் பாத்து சிரிக்கறாங்க, மேடம்.”

“தெரியும்” என்றேன். தெரிந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

யாரும் என்னைப் பற்றி ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3 பிப்ரவரி, ஞாயிறு

பூசையிலிருந்து வந்ததும் ரிசியிடம் பயறு ஊறவைத்திருக்கிறாளா என்று கேட்டேன். நேற்றே சொல்லியிருந்தேன். செம்பனை எண்ணெய் நல்லதாக இருக்க வேண்டும், சந்தையில் கலப்படம். கொலாப்போ பிரதி எடுத்துக் கொடுத்த 1945 படத்தைச் சாப்பாட்டு மேசைமேல், சுவரோடு சாய்த்து வைத்தேன். பெஞ்சமின் எடுத்த என் பாதமில்லாத படத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

“ரெண்டு தட்டாம்மா? யாராச்சும் வர்றாங்களா?”

“அக்கா” என்றேன்.

ரிசி படத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள், இன்னும் ஒரு கை பயறு அள்ளிப் போட்டாள். மதர் கொலம்பாவுக்கு நான் அங்கே போய்ப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மிளகாய் வேண்டாம் என்று மட்டும் அடுப்படிக்குக் குரல் கொடுத்தேன். அக்காவுக்கு நாலு வயதுதான் ஆகிறது.